சீசன் முடிந்ததா? பங்குனியில் ஏரிக்கரைக்குப் போகிறவர்களுக்கு

மார்ச் 2, இரவு 9.10 (கேட்டவர்)

பறவை சீசன் முடிந்துவிட்டது. வாத்துகள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கின்றன, ஏரியில் தண்ணீரும் வற்றிவிட்டது. இனி ஏப்ரல், மே இரண்டு மாதமும் பறவைகளுக்குத் தொந்தரவில்லாமல் வேலை செய்ய நல்ல நேரம் என்று நினைக்கிறேன். குப்பை பொறுக்கலாம், சீமைக் கருவேலம் வெட்டலாம், மரக்கன்று நடலாம். நாங்கள் ஆபீசில் பத்துப் பேர் தயார். சென்னைக்குப் பக்கத்தில் எங்கே சேரலாம்? பைனாகுலர் வாங்க வேண்டுமா, கையுறை போதுமா?

மார்ச் 2, இரவு 10.05 (இனி எல்லாம் என் பதில்)

சீசன் இன்னும் முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள், கையுறையை உடனே ஆர்டர் போட வேண்டாம். காலையில் எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை 5.50

சரி. "சீசன்" என்று நாம் சொல்வது கார் நிறுத்த இடம் கிடைக்காத மாதங்களைத்தான். வேடந்தாங்கல் டிக்கெட் கவுன்டரில் வரிசை இருந்தால் சீசன், இல்லாவிட்டால் இல்லை. பறவைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

நாரை, கொக்கு, கூழைக்கடாவுக்கு நம் ஊரில் வசந்தம் ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைய வேண்டும், மீன் பெருக வேண்டும், அப்புறம்தான் கூடு. அதே சங்குவளை நாரை ராஜஸ்தானின் பரத்பூரில் தென்மேற்கு மழைக்குப் பிறகு கூடு கட்டுகிறது. அங்கே ஆவணி புரட்டாசி, இங்கே மார்கழி தை. தேதியை நிர்ணயிப்பது தண்ணீர்தான்.

வடக்கிலிருந்து வந்த வாத்துக்கும் உள்ளானுக்கும் மார்ச் என்பது ஊருக்குக் கிளம்பும் மாதம். நீங்கள் சொன்னது இந்தக் கோஷ்டிக்கு மட்டும் பொருந்தும்.

மூன்றாவதாக ஒரு கோஷ்டி இருக்கிறது. ஏரி வற்றட்டும் என்று காத்திருக்கிற ஆள்காட்டி, பட்டாணி உப்புக்கொத்தி, கொஞ்ச நாள் கழித்துப் பவளக்காலி. இவற்றுக்கு மரமும் வேண்டாம், புதரும் வேண்டாம். காய்ந்து வெடித்த தரை, நாலு சரளைக்கல், அதன் நடுவில் முட்டை. நாம் எந்த மாதம் "காலியாகத்தானே கிடக்கிறது" என்று ஜே.சி.பி.யோடு உள்ளே இறங்குகிறோமோ, அந்த மாதம்தான் அவற்றுக்குப் பிரசவ வார்டு.

ஆகவே உங்கள் பத்துப் பேருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற வேலை இல்லை.

மார்ச் 3, பிற்பகல் 1.30

பைனாகுலர் பற்றிப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். என்னுடையது 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது. பத்து மடங்கு வாங்காதீர்கள், கை நடுங்கினால் பறவையும் நடுங்கும். முதல் மாதம் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். நான் முதல் இரண்டு வருஷம் ஒன்றும் இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இன்றும் தூரத்தில் பறப்பதை நடையுடையை வைத்துச் சொல்ல முடிகிறது. (இதற்கு ஒரு அண்ணன் "ஆறு வருஷம் வல்லூறையும் குயிலையும் மாற்றிச் சொன்னது நீங்கள்தானே" என்று கேட்பார். ஆமாம், நான்தான்.)

மார்ச் 9, இரவு 8.20

கரிக்கிலி பறவைகள் சரணாலயத்திலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். வனத்துறை வருஷா வருஷம் ஒரே சமயத்தில் மாநிலம் முழுக்க நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் வனப் பணியாளர் ஒருவரோடு தன்னார்வலர் சிலரைச் சேர்த்து அனுப்புவார்கள். கேட்டவருக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. அடுத்த வருஷத்துக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்.

எண்ணுவது என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையைக் கவனமாக எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவு துண்டு துண்டாகக் கூட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே போக வேண்டும். தையற்காரர் முழம் போடுகிற மாதிரி. ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. பார்க்கிறவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது.

இன்று நான் பார்க்கிற வேலையில் இருந்தேன். நீலச்சிறகி. ஆணுக்குப் புருவத்துக்கு மேல் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைப் பட்டை, ஊருக்குக் கிளம்புகிற களை. 180 வரை வந்திருப்பேன். ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழும்பி இரண்டு சுற்றுச் சுற்றி, பாதி அந்தக் கோடிக்கும் பாதி எங்கள் பக்கமும் இறங்கியது. திரும்பவும் முதலிலிருந்து. இரண்டாவது தடவை 240.

எது சரி என்று வனக்காவலரைக் கேட்டேன். "ரெண்டையும் எழுதாதீங்க மேடம், உக்காரட்டும், மூணாவது தடவை எண்ணுங்க" என்றார். அவர் 20 வருஷமாக இந்த வாத்துகளைப் பார்க்கிறவர். மூன்றாவது தடவை 225. அதைத்தான் எழுதினோம்.

மார்ச் 11, காலை 6.15

"240, 225 எல்லாம் தோராயம்தானே, இதற்கு எதற்கு காலை நாலு மணிக்கு எழ வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, நானும் முன்பு கேட்டதுதான்.

தோராயம்தான். ஆனால் அதே ஏரி, அதே மாதம், அதே மாதிரி எண்ணிய தோராயம் 15 வருஷம் சேர்ந்தால் அதில் இறக்கமா ஏற்றமா என்று தெரிந்துவிடும். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடிப்படை நம்மைப் போல 30,000 பேர் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போட்ட 3 கோடி பதிவுகள். அதில் என் மொட்டைமாடிக் காக்காவும் உண்டு.

ஒன்றே ஒன்று: எண்ணத் தெரியவில்லை என்று "எக்ஸ்" போடாதீர்கள். எக்ஸ் என்றால் "இருந்தது" என்று மட்டும் அர்த்தம். ஒன்று இருந்ததா, ஓராயிரம் இருந்ததா? தப்பாக எண்ணிய 50கூட எக்ஸைவிட மேல்.

மார்ச் 16, காலை 9.40

இந்த இழையை ஆரம்பித்தபோது பொதுவாகத்தான் பேசினேன். இன்று என் தலையிலேயே வந்து விழுந்தது.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு ஏரி. சரணாலயம் எல்லாம் இல்லை, நீர்வளத்துறை ஏரி. மூன்றில் ஒரு பங்கில்தான் இப்போது தண்ணீர். மீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தரையில் நடந்து போகும்போது ஒரு ஆள்காட்டி சத்தமில்லாமல் எழுந்து, குனிந்தபடியே பத்தடி ஓடி, அதற்கப்புறம்தான் கத்த ஆரம்பித்தது. கூடு இல்லாத ஆள்காட்டி நம்மைப் பார்த்த மாத்திரத்தில் கத்தும். ஓடிவிட்டுக் கத்தினால் கிளம்பிய இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நின்ற இடத்திலேயே நின்று பைனாகுலரால் தரையைத் துழாவினேன். ஆறு நிமிடம் ஆயிற்று. காய்ந்த எருமைச் சாணி வரட்டி ஒன்று, அதன் ஓரமாக உள்ளங்கை அளவு பள்ளம், சுற்றிலும் சரளை. அதில் இரண்டு முட்டை. மண் நிறம், மேலே கறுப்பும் பழுப்பும் மையைத் தெளித்த மாதிரி. கண்ணை ஒருமுறை சிமிட்டினால் மறுபடி தேட வேண்டும்.

உடனே திரும்பி வந்துவிட்டேன். போட்டோ எடுக்கவில்லை.

மார்ச் 17, காலை 7.05

எந்த ஏரி என்று கேட்டு மூன்று பேர். சொல்ல மாட்டேன். "பெரும்பாக்கமா?" இல்லை. "பள்ளிக்கரணைக்குப் பின்னாலா?" இல்லை. தாம்பரத்தில் ஆரம்பித்து ஏரி ஏரியாகப் பட்டியல் போட்டிருக்கும் தம்பி, உன் உழைப்பு வீண் போகாது, அத்தனை ஏரிக்கும் ஒரு தடவை போய்விட்டு வா.

கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கரணையின் ரேடியல் ரோட்டில் நின்று பூநாரையைப் பார்க்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது, அது தூரத்தில் நிற்கிறது. தரைக்கூட்டுக்கு நாலு கேமராக்காரர்கள் சுற்றி நின்றால் தாய் எழுந்துபோகும். வெயிலில் முட்டை அரை மணி நேரம் திறந்து கிடந்தால் அவிந்துவிடும். இவர்கள் போனதும் காக்கா வரும். நாலு மனிதர் குனிந்து பார்க்கிற இடத்தில் தனக்கும் ஏதோ இருக்கிறது என்று காக்காவுக்குத் தெரியாதா என்ன.

இன்னும் 21 நாள். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்கப் போகிறேன்.

மார்ச் 17, காலை 7.50

திருத்தம். 21 நாள் கோழிக்கு. ஆள்காட்டிக்கு 28இலிருந்து 30. அதுவும் கடைசி முட்டை இட்டு அடைகாக்க ஆரம்பித்த பிறகு. சுட்டிக்காட்டிய தோழிக்கு நன்றி. என் மூளையில் பாட்டி வீட்டுக் கோழிக்கூண்டு இன்னும் திறந்தே கிடக்கிறது.

மார்ச் 20, மாலை 6.30

இன்று சிட்டுக்குருவி தினமாம். காலையிலிருந்து போனில் 14 வாழ்த்து. அதில் இரண்டில் இருந்தது சிட்டுக்குருவியே இல்லை, தினைக்குருவி.

நாலு முட்டை ஆகிவிட்டது. கூர்முனைகள் நடுவில் சேர, பிளஸ் குறி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறது. நான் இப்போது கரையிலிருந்து மட்டும்தான் பார்க்கிறேன், 60 அடிக்குள் போவதில்லை.

மார்ச் 23, இரவு 11.00

கேட்டவர் கொஞ்சம் வருத்தமாக எழுதியிருக்கிறார்: "நல்லது செய்ய வருகிறோம் என்கிறவர்களை இப்படித் தடுத்தால் யார் வருவார்கள்?" அவருக்கு நேரடியாக ஒன்று சொல்ல வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் ஏப்ரலில் இதே ஏரியில் ஒரு குழு சுத்தம் செய்யும் நாள் வைத்தது. பெயர் வேண்டாம், நல்ல மனசுக்காரர்கள். நூறு பேருக்கு மேல் வந்தோம். "வந்தோம்" என்றுதான் எழுதுகிறேன், நானும் இருந்தேன். டி-சர்ட், தொப்பி, மோர். வரிசையாகக் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று ஏரித் தரையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வாரிக்கொண்டே போனோம். பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. பெருமையாக இருந்தது.

அன்று தலைக்கு மேலே ஆள்காட்டிகள் ஓயாமல் கத்தின. ஒன்று என் முன்னால் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. பக்கத்தில் நின்ற பெண் "ஐயோ அடிபட்டிருக்கு" என்றாள். இல்லை, நடிக்கிறது, கூட்டிலிருந்து நம்மைத் திசைதிருப்புகிறது என்று அவளுக்கு விளக்கினேன். என் ஞானத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு. விளக்கியபடியே நாலடி முன்னால் வைத்தேன். செருப்புக்கு அடியில் மெல்லிய ஒரு சத்தம்.

அது நடிக்கிறது என்று தெரிந்தவளுக்கு, எதற்காக நடிக்கிறது என்பதும் தெரியும். தெரிந்தும் கால் நிற்கவில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, நான் மட்டும் நின்றால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. உண்மையான காரணம் அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். சட்டம் வேறு இருக்கிறது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக் கணக்கில்தான் வரும். ஆனால் அன்றைக்கு எனக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை, செருப்பு அடியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதுதான் ஞாபகம்.

எனவே நான் தடுப்பது உங்களை இல்லை சார். போன வருஷத்து என்னை.

மார்ச் 24, காலை 6.00

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் கொஞ்சம் நாடகமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், அழிக்கவில்லை.

மார்ச் 24, மதியம் 12.45

சீமைக் கருவேலம் பற்றி. இந்த மரத்துக்கு ஆதரவாக நான் பேசுவதாக யாரோ எழுதியிருக்கிறார்கள். இல்லை. மண்ணைப் பிடித்தால் விடாது, வேறொன்றையும் வளர விடாது. 2017இல் நீதிமன்றம் சொல்லி ஊர் ஊராக வெட்டினார்கள், எங்கள் பக்கமும் வெட்டினார்கள், அடுத்த மழைக்கே தூரிலிருந்து திரும்பவும் முளைத்தது.

நான் சொல்வது ஒன்றுதான்: கோடரியை எடுப்பதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். ஏரி நடுவில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் இல்லாத இடங்களில் கொக்குகளும் நாரைகளும் சீமைக் கருவேலத்தில்தான் கூடு வைக்கின்றன. அவை தாவரவியல் படிக்கவில்லை. மாற்று மரம் வளர்ந்து நிற்கும்வரை ஏரித் திட்டில் இருப்பதை விட்டுவிட்டு, கரைக்கு வெளியே இருப்பதை வேரோடு எடுங்கள். எடுக்கிற மாதமும் ஆடி ஆவணி ஆகட்டும்.

முன்பு இதே இடத்தில் "ஒன்று விடாமல் வெட்ட வேண்டும்" என்று நானே எழுதியிருக்கிறேன், தேடினால் கிடைக்கும். தேட வேண்டாம்.

மரக்கன்று: ஏரிக்குள் நடாதீர்கள். அது ஏரி. மழை வந்தால் முங்கிப்போகும், முங்காவிட்டால் அது ஏரி இல்லை.

மார்ச் 30, காலை 10.10

கிரிக்கெட் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கூடு இருப்பது அவர்கள் பிட்ச்சுக்குத் தேர்ட் மேன் பக்கம், நாற்பது தப்படி. ஒரு வாரம் யோசித்தேன், சொல்வதா வேண்டாமா என்று. சொன்னால் முட்டையை எடுத்துவிடுவார்களோ, சொல்லாவிட்டால் மிதித்துவிடுவார்களோ. கடைசியில் அவர்கள் கேப்டனைக் கூப்பிட்டேன். எட்டாவது படிக்கிறான். என்னைப் பறவை ஆன்ட்டி என்று கூப்பிடுவான்.

பைனாகுலரைக் கையில் கொடுத்து, காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "ஆன்ட்டி, இது எங்களுக்கு முன்னாடியே தெரியும். கத்துற குருவி. நாங்க அந்தப் பக்கம் பந்து போனா அவுட்னு வச்சிருக்கோம்."

எப்போதிலிருந்து என்றேன். "போன வாரத்துல இருந்து. தொல்லை தாங்கல, பந்து எடுக்கப் போனா தலையில கொத்த வருது."

ஆக, நூறு பேர் டி-சர்ட் போட்டுக்கொண்டு செய்யாததைப் பதினோரு பேர் ரன் கணக்குக்காகச் செய்துவிட்டார்கள். கருணை கிருணை எல்லாம் இல்லை. தலை தப்பினால் போதும் என்று.

இவனோடு பேசிவிட்டு வரும்போது வேடந்தாங்கல் ஞாபகம்தான் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுக் கவுல் (பறவைகளைக் காக்கும் உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கியவர்கள். தன்னார்வலர் என்ற வார்த்தையெல்லாம் அப்போது ஏது. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் வேண்டியதில்லை, அதுதான் கணக்கு. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே, அவர்களும் யாருடைய பிரசாரத்தையும் கேட்டு ஆரம்பித்தவர்கள் இல்லை.

ஏப்ரல் 5, மாலை 7.00

மூன்று முட்டை. ஒன்றைக் காணோம். காக்கா என்று நினைக்கிறேன், கேப்டன் நாய் என்கிறான்.

ஏப்ரல் 6, காலை 8.30

மனசு சரியில்லாததால் வேறு ஏதாவது பேசலாம்.

மின்கம்பியில் நேற்றுவரை தகைவிலான்கள் மணிமாலை மாதிரி உட்கார்ந்திருந்தன. இன்று கம்பி பாதி காலி. மஞ்சள் வாலாட்டி நெஞ்சில் மஞ்சள் ஏறி, மஞ்சள் நீராட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது. மீசை ஆலாவுக்கு வயிறு கறுக்க ஆரம்பித்துவிட்டது, இப்போது பார்த்தால்தான் அதற்கு மீசை எங்கே என்று புரியும்: கறுப்புத் தொப்பிக்கும் கறுத்த வயிற்றுக்கும் நடுவில் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு. குளிர்காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு "பெயர் வைத்தவனுக்குக் கண் தெரியாதா" என்று திட்டியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த செங்கால் நாரைப் பாட்டை நினைத்துக்கொண்டேன். நாரை தன் பெடையோடு தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பினால் என் மனைவியிடம் சேதி சொல் என்கிறார் புலவர். வாத்தியார் வறுமையை விளக்கினார், திசையை விளக்கவில்லை. தெற்கே வந்து வடக்கே திரும்பும் நாரை என்றால் இது வலசைப் பறவை, இது பங்குனி மாதச் சேதி. அன்றைக்கே யாரோ சரியாகக் கவனித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, காலை 9.15

"வேடந்தாங்கலில் இருக்கிறதே, அதுதானே செங்கால் நாரை" என்று கேட்கும் அன்பருக்கு: அங்கே கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுவது சங்குவளை நாரை, மூக்கு மஞ்சள். பாட்டில் வருவதற்குக் கூர்வாய் பவளம், பிளந்த பனங்கிழங்கு மாதிரி. அந்தச் சிவப்பு அலகும் சிவப்புக் காலும் உள்ள வெள்ளை நாரை வேறு, குளிர்காலத்துக்கு வந்து போவது. அதை நான் இதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் பஸ்ஸிலிருந்து.

ஏப்ரல் 9, மதியம் 2.15

லீவு போட்டுவிட்டு ஏரிக்கரைப் பனைமர நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தரையிலிருந்து கானல் எழும்புகிறது, பைனாகுலரில் கூடு நீருக்குள் கிடப்பது மாதிரி நெளிகிறது.

அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று நினைத்திருந்தேன். இந்த வெயிலில் அது உட்கார்ந்திருப்பது முட்டைக்கு நிழல் கொடுக்க. உட்காரக்கூட இல்லை, காலை மடக்காமல் குடை மாதிரி நிற்கிறது, வாய் திறந்தே இருக்கிறது. சரியாக 1.40க்கு ஜோடி வந்தது. முதலாவது நேராகத் தண்ணீருக்கு ஓடி வயிறு நனைய உட்கார்ந்து எழுந்தது. ஈர வயிற்றோடு திரும்பி வந்து முட்டையின் மேல் அமர்ந்தது. அரை மணி நேரத்தில் இப்படி இரண்டு தடவை.

தண்ணீர் இங்கிருந்து இருநூறு அடி. அது இன்னும் நூறு அடி பின்வாங்கினால் என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். "கோடையில் ஏரியில் ஒரு ஓரத்திலாவது தண்ணீர் நிற்கட்டும், மொத்தத்தையும் வடித்துத் தூர்வாராதீர்கள்" என்று பழைய ஆட்கள் சொல்வது மீனுக்காக என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 13, இரவு 9.00

சுத்தம் செய்யும் நாள் நடந்தது. ஆமாம், அதே குழு. போன மாதமே போய்ப் பேசினேன், போன வருஷம் நடந்ததையும் சொன்னேன். சண்டை வரும் என்று தயாராகப் போனேன், வரவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்கள். அது சண்டையைவிட வலித்தது.

இந்தத் தடவை ஒருவரும் தரையில் இறங்கவில்லை. கரை, கலங்கல், வாய்க்கால் மட்டும். காலை 6இலிருந்து 8 வரை, நாற்பது பேர். மூட்டை குறைவு. ஆனால் வாய்க்கால் முகப்பில் மீன்பிடி நைலான் நூல் ஒரு பந்து எடுத்தோம், தேங்காய் அளவு. அதற்குள் காய்ந்துபோன நீர்க்காகத்தின் கால். பிளாஸ்டிக் பாட்டில் கண்ணுக்கு அசிங்கம், இந்த நூல் உயிரை எடுக்கிறது. அடுத்த தடவை நூலுக்கென்றே ஒரு நாள் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

ஏப்ரல் 17, காலை 6.50

கூடு காலி.

ஓடும் இல்லை, இறகும் இல்லை, ஒன்றுமே இல்லை. பள்ளமும் சரளையும்தான். கணக்குப்படி 28ஆவது நாள். பொரித்தால் பெரியவை ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிடும், குஞ்சும் ஈரம் காய்ந்ததும் நடந்துவிடும். நாய் தின்றாலும் இப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 17, காலை 7.30

ஒன்று கவனித்தேன். இரண்டும் இன்னும் என்னைப் பார்த்துக் கத்துகின்றன. முன்பைவிட மோசமாக. இழந்திருந்தால் இந்த இடத்தில் இவ்வளவு கோபம் இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலைக்கு நேரமாயிற்று.

ஏப்ரல் 19, காலை 9.20

கேப்டன் போன் செய்தான். அம்மா போனிலிருந்து. "ஆன்ட்டி சீக்கிரம் வாங்க, மேட்ச் நிறுத்தி வச்சிருக்கோம்."

பிட்ச்சின் நடுவில், லெக் ஸ்டம்ப்பாக வைத்திருந்த செங்கல்லின் நிழலில் ஒரு குஞ்சு. பஞ்சில் மண்ணைத் தெளித்து, அதற்கு இரண்டு குச்சிக் கால் வைத்த மாதிரி. பதினோரு பையன்களும் எல்லைக்கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாய் தூரத்திலிருந்து ஏதோ குரல் கொடுத்தது, குஞ்சு அப்படியே தரையோடு படுத்துவிட்டது. படுத்ததும் காணோம். எங்கே என்று தெரிந்து பார்க்கும்போதே காணோம்.

கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் குரல் மாறியது. எழுந்து ஓட்டம். மிட் விக்கெட் பக்கம் புல்லில் இன்னொன்று இருந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து தண்ணீர் ஓரத்துக்குப் போயின. மூன்றாவதைப் பார்க்கவில்லை.

மேட்ச் டிரா என்று அறிவித்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த அணிதான் அறிவித்தது.

மே 11, காலை 10.40

கேட்டவர் இன்று ஏரிக்கு வந்தார், ஆபீஸ் ஆட்கள் மூன்று பேரோடு. மீதி ஆறு பேருக்குத் தூக்கம். கையுறையும் கொண்டுவந்திருந்தார், பச்சை நிறம், இன்னும் கவர் பிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு கோடை மழை பெய்ததில் தரை கொஞ்சம் நனைந்திருக்கிறது. பவளக்காலிகள் இடம் பிடித்துவிட்டன, சேற்றுத் திட்டுகளில் நாலு கூடாவது இருக்கும். நீளவால் இலைக்கோழிக்கு வால் முழுசாக வளர்ந்துவிட்டது. ஆள்காட்டிக் குஞ்சில் ஒன்று நன்றாக வளர்ந்து, கழுத்தில் கறுப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதைப் பத்து நாளாகக் காணோம்.

கரையிலேயே உட்கார வைத்து நோட்டைக் கொடுத்தேன். நான் பார்க்க, அவர் எழுத. பவளக்காலி 34, முக்குளிப்பான் 9, நத்தைக்குத்தி 17. உண்ணிக்கொக்கு எருமைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தது, எண்ணவே முடியவில்லை.

"இதுக்கு எக்ஸ் போட்டுடலாமா?" என்றார்.

திரும்பவும் முதலிலிருந்து எண்ணினோம். 52.